எல்லைக் காட்டுத் தீர்ப்பு

என் அண்ணனைக் கொல்ல வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவரைக் கொன்றார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். இதை எழுத இத்தனை வருடம் ஆனதற்குப் பயம் காரணமில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் பேரன்கள் குதிரைக்காரப் படம் பார்ப்பார்கள். தொப்பி போட்ட திருடர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டு, யாரை எங்கே மடக்குவது என்று திட்டம் போடுவார்கள். ஒருவன் குடித்துவிட்டு உளறுவான், காரியம் கெட்டுவிடும். எனக்குச் சிரிப்பு வரும். மலாயாவில், செமிலிங்குக்கும் மெர்போக்குக்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு மரவள்ளிக் கிழங்கு தின்று கிடந்த ஆட்கள் இவர்களைவிட ஒழுங்காகத் திட்டம் போட்டார்கள். ஒருவரும் உளறவில்லை. யாராவது ஒருவர் என்னிடம் உளறியிருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பார்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை காரேறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் தோட்டத்துக்கு ராஜா. பாதி ரப்பர் காட்டை அழித்துக் கிழங்கு நட்டோம். மீதிப் பாதியில் பால்வெட்டு நடந்தது. ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள்; எடுத்தார்களோ என்னவோ, எங்கள் அடுப்புக்கு அதில் ஒரு சொட்டும் வரவில்லை. மரம் சீவும் எங்களை மேய்ப்பதற்கு இருந்த மண்டோர் என் அண்ணன்தான்.

அண்ணன் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. வாய் பொல்லாதது. உளி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால், தன் தொடையைக் கீறிவிட்டது போலக் கத்துவார். கூடப்பிறந்தவள் என்ற சலுகை எனக்கும் கிடையாது. ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது என் உளியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல வெண்டைக்காகூட வெட்ட முடியாது, தீட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். நான் அழுதேன். மத்தியானம் அண்ணியிடம் எனக்கென்று அவித்த கிழங்கைக் கொடுத்தனுப்பினார். அதுவும் மன்னிப்பு இல்லை. "நல்லாத் தின்னுட்டு நல்லாத் தீட்டச் சொல்லு" என்ற செய்தியோடுதான் வந்தது.

அவர் மேல் ஜனங்களுக்கு வந்த வெறுப்பு இந்த வாயால் வந்ததில்லை. அரிசியால் வந்தது.

ஒரு நாள் கிராணி அவரைக் கூப்பிட்டு, ஆபீசுக்கு முன்னால் இருக்கிற திடலில் அரிசி கொடுக்கப் போகிறார்கள், ஆண்களை வரச் சொல் என்றார். அரிசி என்ற சொல்லைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. அண்ணன் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் தகரத்தைத் தட்டிச் சொன்னார். ஆண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திடலைச் சுற்றி லோரிகள் நின்றன. துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிய சிப்பாய்கள் கிழவர்களைத் தள்ளிவிட்டு, திடமான ஆட்களை மட்டும் லோரி நிறையும்வரை ஏற்றினார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. கிழவர்கள்தான் கீழே சிதறிக் கிடந்த பைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அன்று காய்ச்சலில் கிடந்ததால் தப்பினார்.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர் தன் தம்பியை அன்று இழந்தார். அப்பா அம்மா இல்லாமல் அவரே தூக்கி வளர்த்த தம்பி. அந்த மனிதர் தம்பியின் பையைக் கதவில் மாட்டி வைத்தார், அதைப் பார்க்காமல் என் அண்ணன் அந்தப் பக்கம் போக முடியாது.

"உனக்குத் தெரியுமாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"கிராணி அரிசின்னாரு. நானும் ஒரு பையத் தூக்கிட்டுத்தானே போனேன் தங்கச்சி" என்றார். அவர் பை எடுத்துப் போனதை நானே பார்த்தேன். அதனால் நம்பினேன். மற்றவர்கள் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தகரம் தட்டியவர் திரும்பி வந்தார், பை கொண்டுபோனவர்கள் வரவில்லை.

லோரி மறுபடியும் வரப்போகிறது என்று கிராணி அண்ணனுக்குச் சொன்ன சாயங்காலம், அவர் லயத்துக்கு நடுவில் நின்று எல்லாரையும் ஏசினார். "சோம்பேறிப் பயலுங்களா! நாளைக்கு விடியக்குள்ள எவனாவது லயத்துல படுத்துக் கெடந்தான், தோல உரிச்சுப்புடுவேன்! அத்தன பேரும் காட்டுக்குள்ள இருக்கணும், சொல்லிட்டேன்!" என்றார். புரிந்தவர்கள் இருட்டோடு போய் ஓடைக்கு அப்பால் பதுங்கினார்கள். மறுநாள் லோரி காலியாகத் திரும்பியது. ஜப்பான் சிப்பாய் அண்ணனை ஆபீஸ் வாசலில் நிற்க வைத்துக் கன்னத்தில் அறைந்தான். இடது காதில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை.

இதைப் பார்த்த பிறகும் கடைசி வீட்டுக்காரர், "எல்லாம் நடிப்பு லா" என்றார். காது செவிடாகும் அளவுக்கு யார் நடிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஜெராய் மலைச் சரிவில் ஒரு கூட்டம் இருந்தது. லோரியிலிருந்து குதித்துத் தப்பியவர்கள், ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடியவர்கள், முன்பே திருடர்களாக இருந்தவர்கள், எல்லாரும் கலந்த கூட்டம். அதற்குத் தலைவர் எங்கள் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். ஊரில் வண்டிக்காரர் என்றே சொல்லுவோம். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கிய ஆள் எவனையும் அவர்கள் விட்டதில்லை. பீடோங் சாலை ஓரத்துக் கால்வாயில் காலையில் ஒரு பிணம் கிடந்தால், "மலைக்காரங்க தீர்ப்பு" என்பார்கள். அவர்கள் கொன்றவர்கள் எல்லாரும் கெட்டவர்கள்தான் என்று ஜனங்கள் நம்பினார்கள். செத்தவன் வந்து மறுத்துப் பேசப் போவதில்லையே.

என் வீட்டுக்காரருக்கு அவர்களோடு தொடர்பு இருந்தது எனக்கு உப்பிலிருந்துதான் தெரிந்தது. அவ்வப்போது கடலோரத்துக் கோத்தா கோலா மூடா வரை போய் உப்பும் கருவாடும் கொண்டுவருவார். கொண்டுவந்ததில் பாதிதான் வீட்டுக்கு வரும். கேட்டால், "வழியில மழ, கரைஞ்சிருச்சு" என்பார். உப்புக் கரைந்தது சரி, கருவாடுமா கரையும் என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். மலையில் இருப்பவனுக்கும் உப்பு வேண்டும்தானே.

மலைக்கு உதவி செய்ய எங்கள் லயத்தில் நான்கு பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரர், கடைசி வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். காட்டு எல்லையில் இருந்த முனியாண்டிக் கோயிலில் சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தவர்கள். அவர்கள் கட்டுப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். நான்கு பேரும் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார மாட்டார்கள். பேச வேண்டியதை மரம் சீவும்போது ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தபடி பேசுவார்கள். பார்க்கிறவனுக்கு நான்கு பேர் ஒழுங்காக வேலை செய்வது போலத்தான் தெரியும். மலைக்குப் போன வழியில் திரும்பி வரமாட்டார்கள். அவனவனுக்கு அவனவன் வேலை மட்டும்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களிடம் மூச்சு விடக்கூடாது. இந்த விதியைப் போட்டது யார் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லவில்லை. அவரே போட்டிருப்பார்.

வண்டிக்காரர் அண்ணனைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கிராணியை ஏன் தீர்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கிராணி அதற்குள் குடும்பத்தோடு சுங்கை பட்டாணிக்குப் போய், ஜப்பான்காரன் முகாமுக்குப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டார். பகலில் வருவார், வெயில் சாயும் முன் போய்விடுவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அப்படி அண்ணன் அகப்பட்டார்.

ஆனால் வண்டிக்காரர் ஒரு நியாயம் வைத்தார். "அது உங்க லயத்து ஆளு. நாளைக்கு நாங்க அநியாயமாக் கொன்னோம்னு பேச்சு வரக்கூடாது. நீங்க நாலு பேரும் பேசி முடிவச் சொல்லுங்க" என்றாராம். முடிவை யாரும் மலைக்கு வந்து சொல்ல வேண்டாம், வழியில் ஜப்பான்காரன் நடமாட்டம் அதிகம் என்று ஒரு அடையாளமும் சொல்லியனுப்பினார்.

அந்த அடையாளம்தான் மங்கு. மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் பால் கிண்ணத்தை நாங்கள் மங்கு என்போம். பாலை வாளியில் ஊற்றியதும் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவோம். எல்லைக் காட்டில், ஓடையைப் பார்த்த மூலையில், பால் வற்றிப் பட்டுப்போன மரம் ஒன்று இருந்தது. அதை யாரும் சீவுவதில்லை. அதனால் அதன் மங்கை யாரும் தொடமாட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் புதரில் நின்றாலே அது தெரியும். குறித்த நாள் சாயங்காலம் மலைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். மங்கு நிமிர்ந்திருந்தால் ஆளைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். கவிழ்ந்திருந்தால் முடித்துவிட வேண்டும். அண்ணன் தினமும் சாயங்காலம் கிழங்குத் திருட்டைப் பார்க்க அந்த ஓடை வரை தனியாக நடப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான்கு பேரும் மரங்களைப் பார்த்துக்கொண்டு என் அண்ணன் உயிரைப் பற்றிப் பேசினார்கள். கொல்ல வேண்டும் என்றவர் கடைசி வீட்டுக்காரர் ஒருவர்தான். லோரி காலியாகப் போன நாளையும் செவிடான காதையும் என் வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னார். மற்ற இரண்டு பேரும் அன்றைக்கு ஓடைக்கு அப்பால் பதுங்கிப் பிழைத்தவர்கள். "அவர் ஏசலேன்னா நம்ம சயாமுல கெடப்போம்" என்றார்கள். விட்டுவிடுவது என்று முடிவானது. கடைசி வீட்டுக்காரர் உளியை மரத்தில் குத்திவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

குறித்த நாள் காலையில் என் வீட்டுக்காரர் அந்தப் பட்ட மரத்தைச் சுற்றிக்கொண்டு தன் மர நிரைக்குப் போனார். மங்கு நிமிர்ந்திருந்தது. அவர் மனசு நிம்மதியானது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பல நாளுக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார் என்பதுதான்.

பகலில் நாங்கள் பால் எடுத்து முடிக்கிற நேரத்தில் ஜெராய் உச்சி மேகத்தில் மறைந்துவிட்டது. உச்சி மறைந்தால் மழை எங்கள் தலைக்கு வர நேரமாகாது. மற்ற பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார்கள். எனக்குக் காலில் புண், மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அப்போது அண்ணன் எல்லைப் பக்கத்து நிரையில் வந்துகொண்டிருந்தார். வருகிற வழியில் ஒவ்வொரு மரமாக மங்கைக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். மழை வந்தால் மங்கைக் கவிழ்ப்பது வழக்கம். தண்ணீர் நின்றால் மறுநாள் பால் கெட்டுவிடும். பால் மரம் சீவிய எவருக்கும் கறுத்த வானத்தைப் பார்த்தால் கை தானாக மங்குக்குப் போகும், இருமல் வந்தால் வாய்க்குப் போகிற மாதிரி. அவசரத்தில் நாங்கள் விட்டுவிட்டு ஓடியதை அண்ணன் செய்தார், வாய் மட்டும் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் இருந்த பட்ட மரத்து மங்கையும் கவிழ்த்தார்.

"அது பட்ட மரம்ணே. அதுக்குமா சேவகம்?" என்று நான் கேலி செய்தேன்.

"மரம் பட்டா மங்கும் பட்டுருச்சா? தண்ணி நின்ன மங்க நாளைக்கு எவளாவது எடுத்து வேற மரத்துல வைப்பா. கெடுறது யாரு பாலு?" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். "இந்தக் காலோட நீ ஏன் வேலைக்கு வந்தே? நாளைக்கு வராத, நான் பாத்துக்கறேன். போ, நனையாமப் போ" என்று விரட்டினார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நான் பதில் சொல்கிறேனா என்று ஒரு கணம் நின்றார். நான் சிரித்துவிட்டு நடந்தேன். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மழை ஓய்ந்த பிறகு அண்ணன் ஓடைப் பக்கம் போனார். விளக்கு வைக்கும் நேரமாகியும் வரவில்லை என்று அண்ணி வந்து சொன்னாள். என் வீட்டுக்காரர் பதறவே இல்லை. "எங்க போயிடுவாரு மச்சான், கூட்டிட்டு வரேன்" என்று போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. வாசற்படியில் உட்கார்ந்தார். "மச்சான் ஓடையில கெடக்கறாரு" என்றார். அண்ணி அலறினாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் துக்கத்தைவிட அதிகமாக வேறு ஏதோ இருந்தது. ஏமாந்தவன் முகம் அது.

பாரங் கத்தியால் பின்பக்கமாக வெட்டியிருந்தார்கள். செவிட்டுக் காது பக்கம் வந்திருக்கிறார்கள்.

மறுநாள் எடுத்தோம். மலைக்காரர்கள் தீர்த்த ஆள் என்றால் துரோகி என்று அர்த்தம். துரோகி வீட்டுக்கு யார் வருவார்கள்? லயத்தில் கதவுகள் சாத்திக் கிடந்தன. தப்பு அடிக்க ஆள் வரவில்லை. கோடித் துணிக்கு வழியில்லாமல் என் கல்யாணச் சேலையைக் கிழித்துப் போர்த்தினோம். பாடையைத் தூக்க என் வீட்டுக்காரர் தவிர ஒரு தோள் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்டோரில் பால் ஏற்றுகிற மாட்டு வண்டியில் கிடத்தி, அவர் முன்னால் நடக்க, அண்ணியும் நானும் பின்னால் நடந்தோம். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று தடுக்கக்கூட ஒருவரும் வெளியே வரவில்லை. கடைசி வீட்டைத் தாண்டும்போது அந்த மனிதர் மட்டும் வாசலில் நின்று வண்டியைப் பார்த்துக் காறித் துப்பினார். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

ஜப்பான்காரன் ஒரு நாள் வந்து ஓடையைப் பார்த்துவிட்டுப் போனான். கிராணி வேறொரு மண்டோரை வைத்தார்.

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அன்னைக்கு எல்லைக் காட்டுல வேற யாரப் பாத்தே? கடைசி வூட்டுக்காரன் வந்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எதுக்குக் கேக்கறீங்கன்னு சொன்னாத்தான் நான் வாயத் தொறப்பேன்" என்றேன்.

அவர் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சத்தியம், நான்கு பேர், தீர்ப்பு, மங்கு. வண்டிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். "நாங்க வுட்டுடச் சொன்னோமே" என்று இவர் கத்த, "கவுந்து கெடந்துச்சே" என்று அவர் திருப்பிக் கத்தியிருக்கிறார். அப்படியானால் யாரோ கவிழ்த்திருக்க வேண்டும். அடையாளம் தெரிந்தவர்கள் நான்கே பேர். அதில் கொல்லச் சொன்னவர் ஒருவர். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு மத்தியானம் அவன முனியாண்டி கோயிலுக்குக் கிழங்குச் சாக்கோட வரச் சொல்லியிருக்கோம். வண்டிக்காரர் வராரு. அங்கேயே முடிச்சுருவாங்க" என்றார்.

அண்ணன் கையும் அந்த மங்கும் கண் முன்னால் வந்தன. மரத்துக்கு மரம் கவிழ்த்துக்கொண்டே வந்தவர், தன் உயிரையும் தானே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று சாமியைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் காட்டில் அது ஒரு மங்குக்குப் பொருந்திப் போனது. கண்ணால் பார்த்த எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிந்த நான்கு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் புண்காலோடு நாலு எட்டு நடந்து, அதை நிமிர்த்திவிட்டுப் போயிருப்பேன்.

நான் உடனே சொல்லிவிடவில்லை. வண்டி மேல் துப்பிய அந்த வாய் ஞாபகம் வந்தது. சாகட்டுமே என்றுதான் மனசு சொன்னது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் அடுப்பை ஊதினால் போதும். அவர் மேல் இரக்கப்பட்டு வாயைத் திறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே ஆள் ஆளாகச் செத்துக்கொண்டிருந்த அந்தத் தோட்டம் எனக்கு வெறுத்துப்போயிருந்தது. சொன்னேன்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க, ஒன் வாயாலயே சொல்லு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

கோயிலில் எல்லாரும் வந்துவிட்டார்கள். வண்டிக்காரர் இடுப்பில் பாரங் கத்தியோடு மரத்தில் சாய்ந்து நின்றார். கடைசி வீட்டுக்காரர் கிழங்குச் சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார், எங்கே வைப்பது என்று கேட்டபடி. என்னைப் பார்த்ததும் மற்ற இருவரில் ஒருவர் பதறினார்.

"சாவு வூட்டுத் தீட்டோட கோயிலுக்கு வரலாமா தங்கச்சி?"

"ஆள வெட்டுனவன் வரலாம், அழுதவ வரக்கூடாதா?" என்றேன்.

நான் பார்த்ததைச் சொன்னேன். மறைந்த மலை உச்சியையும், அண்ணன் மங்கு மங்காகக் கவிழ்த்துக்கொண்டு வந்ததையும், பட்ட மரத்துக்காக நான் கேலி செய்ததையும் சொன்னேன். வண்டிக்காரர் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சுட்டது. கடைசி வீட்டுக்காரருக்கு அப்போதுதான் தன்னை எதற்கு வரச் சொன்னார்கள் என்று புரிந்தது. சாக்கு தோளிலிருந்து நழுவிக் கிழங்குகள் உருண்டன. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "கொல்லணும்னுதான் சொன்னேன். ஆனா மங்கத் தொடல. என் தம்பி மேல சத்தியமாத் தொடல" என்றார்.

காலடியில் உருண்டு வந்த கிழங்கை வண்டிக்காரர் காலால் தள்ளினார். "அப்ப யாரு மேலயும் குத்தமில்ல. விதி" என்றார்.

அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "விதியா? பால் மரத்துல மங்கு கவுந்திருந்தா மழ வருதுன்னு அர்த்தம். அத அஞ்சு வயசுப் புள்ளகூடச் சொல்லும். அதப் போய் ஒரு உசுருக்கு அடையாளமா வச்சீங்களே, ஒங்கள்ல ஒருத்தனுக்குக்கூட மழ ஞாபகம் வரலியா? அத்தன பேரும் பால் மரம் சீவறவங்கதானே!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஜப்பான்காரன் காதில் விழுமோ என்று அவர்கள் பயந்தார்கள். விழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

கடைசியில் வண்டிக்காரர் இன்னொரு சூடத்தைக் கொளுத்தினார். இங்கே பேசியதை வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அதையும் அணைக்கச் சொன்னார். சொன்னால் நான்கு குடும்பம் அழியும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதே கையால் அணைத்தேன்.

அந்தச் சத்தியத்தை அன்றைக்கே உடைத்தேன். முனியாண்டி என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த வருடம் அவருக்கு வேறு வேலை நிறைய இருந்திருக்கும்.

கோயிலிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனேன். அவள் புருஷனைத் துரோகி என்று வெட்டிப் போட்டார்கள், அவள் துரோகி பொண்டாட்டி. தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவள் வாய்விட்டு அழுவதைக்கூட நிறுத்தியிருந்தாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று. இந்த ஒரு வார்த்தையாவது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். மங்கைக் கவிழ்த்தது அண்ணன்தான் என்பதையும் மறைக்கவில்லை. "அண்ணன் நல்லவருன்னு அவங்களுக்குத் தெரியும் அண்ணி. வுட்டுடணும்னுதான் முடிவு பண்ணாங்க. நம்ம ஆளுங்க அவரத் துரோகின்னு நெனைக்கல" என்றேன்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து, சூடம் சுட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லவருன்னு தெரியுமா? அப்ப ஏன் ஒருத்தனும் பாடையத் தூக்க வரல?"

வந்திருந்தால் மலையோடு இருந்த தொடர்பைத் தாங்களே காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும், அதனால்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியும். சுட்ட கையை அவள் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் உள்ளே வரவில்லை.